அறுநூற்று முப்பது கிலோமீட்டருக்கு இருபத்து மூன்று நிமிடம்

ஆணையத்து வண்டி ஆறே நிமிடத்தில் வந்துவிட்டது. வந்தது சென்னைப் பள்ளிக்கரணையில் ஒரு வீட்டு வாசலுக்கு. பாம்பு கடித்தவள் கிடந்ததோ அங்கிருந்து அறுநூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி, செங்கோட்டைக்கு வடக்கே ஆலடிப்பாறையில், ஓர் எலுமிச்சைத் தோட்டத்து வரப்பில். இதென்ன கூத்து என்று கேட்பவர்களுக்கு ஆணையத்தைப் பற்றித் தெரியாது என்று அர்த்தம். தெரிந்தவர்கள், ஆறு நிமிடமா, பரவாயில்லையே என்று மெச்சிக்கொண்டு போய்விடுவார்கள்.

கதவைத் திறந்தவள் குழல்வாய்மொழி. வயது ஐம்பத்திரண்டு. அன்றைக்கு அலுவலகத்துக்கு விடுப்பு. தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்து, நைட்டியோடு சீயக்காய்க் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தவள், வாசலில் ஆளில்லாத வெள்ளை வண்டியையும், அதிலிருந்து தானாக இறங்கிப் படியேறி வந்து நின்ற ஸ்ட்ரெச்சரையும் பார்த்து, யார் வீட்டுக்கு வந்தது எங்கே வந்து நிற்கிறது என்று எரிச்சல்பட்டாள். வண்டிக்குள்ளிருந்து குழைந்து குழைந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்கு ஆணையம் வைத்திருந்த பெயர் தாய்மடி. வைத்தவனுக்குத் தாயும் தெரியாது, மடியும் தெரியாது.

“வணக்கம். நோயாளி ஆவுடைத்தங்கம் அவர்களை ஸ்ட்ரெச்சரில் படுக்க வையுங்கள்.”

ஆவுடைத்தங்கம் குழல்வாய்மொழியின் அக்கா. ஒன்பது வயது மூத்தவள். புருஷன் போனபிறகு ஆலடிப்பாறைத் தோட்டத்தை ஒண்டியாகப் பார்த்துக்கொண்டிருப்பவள். அக்கா இங்கே இல்லையே என்று சொல்லக் குழல்வாய்மொழி வாயைத் திறப்பதற்குள், அக்காவே போனில் வந்தாள்.

“ஏட்டி கொழலு, காலுல பாம்பு புடுங்கிட்டு. கண்ணாடி விரியன்தான், கண்ணால பாத்தேன். ஆஸ்பத்திரி வண்டியக் கூப்பிட்டா, அது மெட்ராசுல ஒன் வீட்டு வாசல்ல நிக்குன்னு ஒருத்தி சொல்லுதா. அவளுக்குக் கிறுக்கா, எனக்குக் கிறுக்கா?”

கிறுக்கு யாருக்கு என்று குழல்வாய்மொழிக்கு அந்த நொடியே தெரிந்துபோனது.

அவள் வேலை பார்த்ததே அந்த அவசர உதவி ஆணையத்தில்தான். சராசரிப் பிரிவுக்குத் தலைமைக் கணிப்பாளர். நாட்டில் எல்லார் தோளிலும் தோலுக்கடியில் ஓர் உயிர்ச்சில்லு இருக்கிறது. நாடி தப்பினால் அது சிவக்கும், தாய்மடிக்குத் தெரியும், வண்டி கிளம்பும். எங்கிருந்து கிளம்பும் என்றால், அந்த ஆளின் பெயர் எந்த மண்டலத்துப் பட்டியலில் இருக்கிறதோ அங்கிருந்து. ஆள் எங்கே கிடக்கிறார் என்பது சில்லுக்குத் தெரியும், தாய்மடிக்கும் தெரியும். ஆனால் மண்டலத்துக்கு வெளியே என்றால் அதைப் பார்ப்பது தாய்மடியின் வேலை இல்லை, வண்டி பட்டியலில் உள்ள முகவரிக்குத்தான் போகும். ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகப் பயணப் பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். செய்யாமல் போய் விழுந்தால் அது விழுந்தவர் குற்றம்.

ஒவ்வொரு மண்டலமும் தன் ஆட்களை எத்தனை நிமிடத்தில் எட்டுகிறது என்று குழல்வாய்மொழி மாதாமாதம் சராசரி போடுவாள். சென்னைக்கு ஆறு நிமிடம். தென்காசிக்கு முப்பத்தெட்டு. ஐந்து வண்டி ஓடிய தென்காசியில் இப்போது மிஞ்சியது ஒன்று, அது செங்கோட்டையில் நிற்கிறது. மற்ற நான்கும் ஏன் போயின என்றால், அதற்கும் ஒரு விதி உண்டு. ஒரு மண்டலத்து ஆட்களுக்கு இன்னொரு மண்டலம் சீக்கிரம் உதவி செய்துவிட்டால், சீக்கிரம் செய்தவனே இனிப் பார்த்துக்கொள்ளட்டும், மெதுவான வண்டி எதற்கு என்று எடுத்துவிடுவார்கள். வேகவிதி என்று பெயர். அந்த விதியை எழுதிக்கொடுத்ததே குழல்வாய்மொழிதான். அதற்காகச் சால்வை போர்த்தினார்கள், அந்தப் படம் இன்னும் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அக்காவுக்குத் தெரியாமல் அவள் பெயரைத் தென்காசிப் பட்டியலிலிருந்து எடுத்துத் தன் பள்ளிக்கரணை முகவரிக்கு மாற்றிவிட்டாள். பாசத்தில்தான் செய்தாள். முப்பத்தெட்டு நிமிடத்தில் கிடந்த அக்காவை ஆறு நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். மிட்டாய்க் கடைக்காரன்கூடத் தன் கடை மிட்டாயைத் தின்னமாட்டான். இந்த மகராசி தான் போட்ட சராசரியைத் தானே நம்பினாள். அக்கா பத்தாவது தாண்டாதவள், அவளுக்கு இருந்த அறிவு இவளுக்கு இல்லை. “ஒரு மூட்டையில பாதி அழுகல், பாதி நல்ல காயின்னா, சராசரியாப் பாத்தா எல்லாம் அரை அழுகல்னு சொல்லுவியா நீ? மார்க்கெட்டுல ஒன்னய அடிச்சு வெரட்டிருவாம்ட்டி” என்று அக்கா சிரித்தது அதே பொங்கலுக்குத்தான்.

குழல்வாய்மொழி வண்டியிடம் மன்றாடினாள். நோயாளி இங்கே இல்லை, ஆலடிப்பாறையில் இருக்கிறாள், செங்கோட்டையில் வண்டி நிற்கிறது, அதை அனுப்பு என்றாள்.

“அவர் பயணத்தில் இருக்கிறார். பயணப் பதிவு இல்லை” என்றது தாய்மடி.

“அது அவ வீடு. முப்பத்தஞ்சு வருஷமா அங்கதான் இருக்கா.”

“தங்கள் அக்கறையைப் பாராட்டுகிறோம். அடுத்த முறை ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்யுங்கள்.”

சொந்த வீட்டில் இருப்பவளைப் பயணி என்று சொல்ல ஒரு இயந்திரத்துக்கு எவ்வளவு படிப்பு வேண்டியிருக்கிறது பாருங்கள்.

தோட்டத்தில் அக்காவோடு பொன்னுப்பாண்டி அண்ணாச்சி இருந்தார். பக்கத்துத் தோட்டக்காரர். வரப்புத் தகராறில் அக்காவுக்கும் அவருக்கும் பதினோரு வருடமாகக் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது, ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அலறல் கேட்டதும் மனிதர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அதே வரப்பின் மேல் ஓடிவந்திருக்கிறார். அக்காவின் காலை அசையவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் டிராக்டரில் ஏற்றிப் பார்த்தாராம், சிவந்த சில்லைக் கண்டதும் அது நின்றுவிட்டதாம். இப்போது வருகிற எந்த வண்டியும் அப்படித்தான். உயிர் போகிற ஆளை ஏற்ற ஆணையத்து வண்டிக்கு மட்டும்தான் உரிமை. சரி, தூக்கிக்கொண்டே போகலாம் என்றால் ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது. விஷமுறிவு, நெஞ்சுவலி மருந்து எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிகளிலிருந்து எடுத்து வண்டிகளுக்குள் வைத்து மூன்று வருடமாகிறது. நிமிடம் மிச்சமாம்.

அண்ணாச்சி தன் பங்குக்கு ஒரு தந்திரமும் செய்து பார்த்திருந்தார். அவர் பெயர் தென்காசிப் பட்டியலில்தான் இருக்கிறது. அதனால் பாம்பு என்னைத்தான் கடித்துவிட்டது, சீக்கிரம் வா என்று தாய்மடியிடம் சொல்லியிருக்கிறார். உங்கள் நாடி நன்றாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு ஓய்வெடுங்கள் என்று அவள் அன்பாகப் போனை வைத்துவிட்டாள்.

குழல்வாய்மொழி துணை ஆணையர் அனந்தபத்மனுக்கு போன் போட்டாள். பதினைந்து வருடம் பக்கத்து அறை. தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொள்கிற பழக்கம். மனிதர் முழுக்கக் கேட்டார், நடுவில் மோர் குடிக்கிற சத்தம் கேட்டது. பெயரைத் திருப்பித் தென்காசிக்கு மாற்ற இருபத்தொரு நாள் ஆகும் என்றார். பயணப் பதிவை முன்தேதியிட்டுப் போட முடியாது என்றார். தென்காசி மண்டலத்துக்கு உத்தரவு போட இவருக்கு அதிகாரம் இல்லை, அந்த மண்டலத்துக்குச் சென்னைப் பட்டியல் ஆளைத் தொட அதிகாரம் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி இரண்டு பேர், சாமியைக் காணவில்லை.

“பாருங்க மேடம், என் சொந்த அம்மாவா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்” என்றார் அனந்தபத்மன்.

அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. இத்தனை வருடமாக அந்தப் பெருமையை நேர்மை என்று தானும் நம்பிவந்தது குழல்வாய்மொழிக்கு ஞாபகம் வந்தது. இதே வாசகத்தை அவளும் யார் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். போனை வைத்தாள். எண்ணெய் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கியது.

அக்காவின் போன் இன்னும் திறந்தே இருந்தது. கால் வீங்கி முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது, ஈறில் லேசாக ரத்தம் கசிகிறது என்று அண்ணாச்சி சொன்னார். அக்கா பேச்சைக் குறைத்துவிட்டாள். அக்கா பேச்சைக் குறைப்பது என்பது அவள் பிறந்த நாளிலிருந்து நடக்காத சங்கதி. குழல்வாய்மொழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முட்டிய அழுகையோடு வாசலில் நின்ற காலி ஸ்ட்ரெச்சரைப் பார்த்தபோதுதான், சொந்த மண் விருப்பம் என்ற ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது.

நம் ஆட்களுக்குக் கடைசி நேரத்தில் ஒரே புலம்பல்தான். எங்கே கிடந்தாலும், என்னை ஊருக்குக் கொண்டுபோயிருங்க என்பார்கள். ஒரு தேர்தலுக்கு முந்தி யாரோ ஓர் அமைச்சருக்கு இது நெஞ்சில் தைத்து, அதையும் ஒரு உரிமையாக்கிவிட்டார். ஆணையத்து வண்டியில் படுத்திருக்கிற நோயாளி தன் வாயால் ஊர் பேரைச் சொல்லிக் கேட்டால், அந்த நிமிடமே அவர் பெயர் அந்த ஊர் மண்டலத்துக்கு ஒப்படைக்கப்படும். இருபத்தொரு நாளெல்லாம் கிடையாது. பெயர் நொடியில் போய்ச் சேரும், உடம்பு பின்னாலேயே வண்டி மாறி மாறிப் போகும். போகிற வழியில் முக்கால்வாசிப் பேர் செத்துவிடுவார்கள் என்பதால் இந்த ஒப்படைப்புகளைச் சராசரிப் பிரிவில் யாரும் சீண்டுவதில்லை. பெயர் ஊருக்குப் போய்விட்டது, ஆள்தான் விழுப்புரம் தாண்டவில்லை என்று கேலி பேசிச் சிரித்ததுண்டு. அப்படிச் சிரித்தவர்களில் குழல்வாய்மொழியும் உண்டு.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். ஆணையத்து வண்டிகளில் சில்லைப் படித்து ஆளை அடையாளம் காண்கிற கருவி கெட்டுப்போய் இரண்டு வருடமாகிறது. சரிசெய்யாமலே சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். படுத்திருப்பது உயிருள்ள உடம்புதானா என்று மட்டும் ஸ்ட்ரெச்சர் பார்க்கும். பெயர், படுத்தவர் வாயால் சொல்வதுதான்.

வண்டியில் ஆள் மாறிப் படுத்தால் பொய் நோயாளிச் சட்டம் பாயும். ஏழு வருடம் உள்ளே. வேலை போகும், பென்ஷனும் போகும். குழல்வாய்மொழி அதை நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டே, வீட்டைப் பூட்டாமல், எண்ணெய்த் தலையோடு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தாள். அது அவளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் போனது.

“தங்கள் பெயர்?”

“ஆவுடைத்தங்கம்.”

“நாடி வேகமாக இருக்கிறது. அச்சப்பட வேண்டாம். ஏதாவது விருப்பம் இருக்கிறதா?”

“என்னை எங்க ஊருக்குக் கொண்டு போயிருங்க. ஆலடிப்பாறைக்கு.” சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் சொன்னது பொய்யாக வரவில்லை.

“தங்கள் விருப்பம் ஏற்கப்பட்டது. தாங்கள் இப்போது தென்காசி மண்டலத்தைச் சேர்ந்தவர்.”

மணி பதினொன்று நாற்பத்தொன்று. சங்கு ஊதிக்கொண்டு வண்டி கிளம்பியது. அதே நொடியில் செங்கோட்டை வண்டிக்குத் தன் பட்டியலில் புதிதாக ஒருத்தி வந்து சேர்ந்தது தெரிந்தது. அவள் சில்லு எங்கே என்று தேடியது. பன்னிரண்டு கிலோமீட்டரில் எலுமிச்சைத் தோட்டத்தில் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அங்கேதான் மின்னிக்கொண்டிருந்தது. இப்போதுதான் அதைப் பார்க்கச் சட்டம் அனுமதித்தது.

குழல்வாய்மொழி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கிடந்தாள். வண்டி வருதுக்கா, கண்ணைத் திறந்தே வை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா ம், ம் என்று மட்டும் சொன்னாள். பிறகு அதுவும் இல்லை. அண்ணாச்சி மட்டும், தங்கம், ஏ தங்கம், கேஸ முடிக்காம நீ எங்கயும் போவ முடியாது பாத்துக்கோ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணி நாலு நிமிடத்துக்கு அவர் குரல் மாறியது. வண்டி வந்துவிட்டது, ஊசி போட்டாகிவிட்டது என்றார். சொல்லிவிட்டு அந்த மனிதர் விசும்பி விசும்பி அழுதது சென்னை வரைக்கும் கேட்டது.

அதே பன்னிரண்டு நாலுக்குப் பெருங்களத்தூர் பக்கத்தில் சென்னை வண்டி ஓரமாக நின்று கதவைத் திறந்தது. “நோயாளி ஆவுடைத்தங்கம் அவர்கள் தென்காசியில் பெறப்பட்டார். ஸ்ட்ரெச்சர் காலியாக உள்ளது. நன்றி” என்றது தாய்மடி. காலியான ஸ்ட்ரெச்சர் குழல்வாய்மொழியை மெல்லச் சாய்த்து ரோட்டில் இறக்கிவிட்டது. நைட்டியோடு, தலையில் எண்ணெய் வழிய, காலில் செருப்பில்லாமல் தலைமைக் கணிப்பாளர் வெயிலில் நின்றாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கம் தோன்றவில்லை. அக்கா பிழைத்துவிட்டாள்.

பிழைத்தாள், ஆனால் இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. அரை மணி முந்தி வந்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். குழல்வாய்மொழி பத்து நாள் ஊரில் கிடந்து பார்த்துக்கொண்டாள். அந்த ஒப்படைப்பு அந்த ஒரு தடவைக்குத்தான் செல்லும் என்பதால், வந்த முதல் நாளே அக்காவின் பெயரைத் திருப்பித் தென்காசிக்கு மாற்ற விண்ணப்பம் எழுதிப் போட்டாள். ஸ்ட்ரெச்சரில் படுத்த கதையை மட்டும் சொல்லவில்லை. ஆபீசில் பேசி ஏற்பாடு செய்தேன் என்றாள். அக்காவுக்கு அது போதும். தங்கச்சி மெட்ராசிலிருந்து ஒரு போன் போட்டாள், வண்டி பறந்து வந்துவிட்டது என்று எலுமிச்சை மார்க்கெட் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். ஒன் சராசரியை நான் கேலி பண்ணினது தப்புதாம்ட்டி என்று ஒரு நாள் ரசம் ஊற்றும்போது சொன்னாள். குழல்வாய்மொழி போதும் என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வாய்தாவுக்கு அண்ணாச்சியும் அக்காவும் ஒரே பஸ்ஸில் போய் வந்தார்கள்.

ஊரிலிருந்து திரும்பி வேலைக்குப் போன அன்று அனந்தபத்மன் வாசலுக்கே வந்து கைகூப்பினார். மேசையில் ஒரு பூங்கொத்து, பக்கத்தில் ஒரு கோப்பு. மாதச் சராசரியில் ஒரு அதிசயம் நடந்திருக்கிறது என்றார். நோயாளி ஆவுடைத்தங்கம். பள்ளிக்கரணையில் ஏற்றிய நேரம் பதினொன்று நாற்பத்தொன்று. ஆலடிப்பாறையில் மருந்து போட்ட நேரம் பன்னிரண்டு நாலு. அறுநூற்று முப்பது கிலோமீட்டரை ஆணையம் இருபத்து மூன்று நிமிடத்தில் கடந்திருக்கிறது. அமைச்சர் சட்டசபையில் படித்துவிட்டார், மேசை தட்டல் அடங்க வெகுநேரம் ஆனதாம்.

இத்தனை படித்த மண்டைகளில் ஒன்றுக்குக்கூட, ரோட்டில் ஓடுகிற வண்டி எப்படி அய்யா இருபத்து மூன்று நிமிடத்தில் தென்காசிக்குப் போகும் என்று தோன்றவில்லை. தோன்றியிருக்கும். சாதனையைச் சந்தேகப்பட்டு எவன் பூங்கொத்தை இழப்பான்?

கோப்பின் இரண்டாவது தாளில் வேகவிதி இருந்தது. தென்காசி ஆட்களைத் தென்காசி வண்டி எட்டுவதற்கு முப்பத்தெட்டு நிமிடம் ஆகிறது. சென்னையிலிருந்து தென்காசிக்கு இருபத்து மூன்றே நிமிடம். ஆகவே தென்காசி மண்டலத்துக்கு இனிச் சென்னையே பொறுப்பு. செங்கோட்டையில் நிற்கிற வண்டியை எடுத்துவிடலாம். சராசரிப் பிரிவு கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

குழல்வாய்மொழி தாளைத் தள்ளி வைத்தாள். ஒரே ஒரு சம்பவம் சார், இதை வைத்துச் சராசரி சொல்ல முடியாது என்றாள். இருபத்து மூன்றை ஒன்றால் வகுத்தால் இருபத்து மூன்றுதானே என்றார் அனந்தபத்மன். வேறு சம்பவமே இல்லாதபோது இதுதான் சராசரி. அங்கே தோட்டமும் காடுமாக இருக்கிறது, பாம்பு நடமாடுகிற இடம், ஒரு வண்டியாவது நிற்கட்டும் என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் அவளை வினோதமாகப் பார்த்தார்.

“விதி நீங்க எழுதினது மேடம். எனக்கே நீங்கதான் பாடம் எடுத்தீங்க.”

உண்மையைச் சொல்லலாம். ஸ்ட்ரெச்சரில் படுத்தது நான், வண்டி பெருங்களத்தூரைத் தாண்டவில்லை, ஊசி போட்டது செங்கோட்டை வண்டி என்று இரண்டு வரி எழுதினால் இந்தக் கோப்பு குப்பைக்குப் போகும். கூடவே அவளும் ஏழு வருடம் உள்ளே போவாள். ஓய்வுக்கு ஆறு வருடம் இருந்தது. அக்காவைக் கையோடு பள்ளிக்கரணைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் ஆயிற்று என்று மனதுக்குள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் ஆள் ஒருத்தியை மட்டும் பத்திரமான பட்டியலுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்ற அதே பழைய வழி. பட்டும் புத்தி வரவில்லை. கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து அவளுடையது, எல்லாரும் சொல்வார்கள்.

அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். காய் பறிப்பு நேரம், யார் பார்ப்பது என்று கேட்டாள். அடுத்த வாரமே ஒரு நாள் கூப்பிட்டு, ஏட்டி, நம்ம வண்டியக் கொண்டுட்டுப் போறாவ, ஏன்னு கேட்டா மெட்ராசு வண்டியே இங்கயும் வருமாம், எல்லாம் ஒன்னாலதான் என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

மூன்று வாரம் போயிருக்கும். சாயங்காலம் நாலு மணி, அலுவலகத்தில் டீ வந்த நேரம். அக்காவின் போன். பொன்னுப்பாண்டி அண்ணாச்சி கிணற்று மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், வேர்வை ஆறாக ஓடுகிறது, தாய்மடியைக் கூப்பிட்டாகிவிட்டது என்றாள். குழல்வாய்மொழி திரையைத் திருப்பினாள். பொன்னுப்பாண்டி, ஆலடிப்பாறை, சிவப்பு. பொறுப்பு: சென்னை மண்டலம். வண்டி கிளம்பிவிட்டது. வந்துசேரும் நேரம் இருபத்து மூன்று நிமிடம். வரைபடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தாம்பரத்தில் சிக்னலுக்கு நின்றுகொண்டிருந்தது.

அக்காவின் குரலில் பதற்றம் குறைவாகத்தான் இருந்தது. ஒரு தரம் பார்த்தவளின் தைரியம் அது.

“இருவத்து மூணு நிமிசத்துல வந்துரும்னு அவ சொல்லுதா. எனக்கு வந்துச்சே, அது மாதிரி வந்துரும்லட்டி?”

டீ ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் அனந்தபத்மன் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். குழல்வாய்மொழி வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

“வராதுக்கா. அன்னைக்கும் இங்கயிருந்து ஒண்ணும் வரல. ஒன் பேரச் சொல்லி வண்டியில படுத்தது நான். ஒனக்கு ஊசி போட்டது நம்ம செங்கோட்ட வண்டி. அத எடுக்கக் கையெழுத்துப் போட்டதும் நாந்தான்.”

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுமுனையில் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி அண்ணாச்சியின் குரல், மூச்சு வாங்க வாங்க, என்ன சொல்லுதா ஒன் தங்கச்சி, வண்டி வருதாமா என்று கேட்டது.

அக்கா போனை அணைக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள் போலிருக்கிறது.

“வருதாம் அண்ணாச்சி. கெளம்பிட்டாம். நீங்க கண்ண மட்டும் மூடிராதீய.”